ஒரு குவளை எண்ணெய், ஒரு பழைய பனியன்

"குவளை குவளையா ஊத்துறீங்களே, இது என்ன எண்ணெய்க் கிணறா..."

"ஊத்தலைன்னா டையில கீறல் விழும். அப்புறம் நீயா வந்து நாக்கால தேய்ச்சு..."

"டையில விழுதோ இல்லையோ, என் மூஞ்சியில விழுது. பாருங்க, புருவத்துல இருந்து சொட்டுது..."

"தள்ளி நில்லுன்னா கேக்குறியா? தலையை உள்ள விட்டுக்கிட்டு..."

"தலையை விடாம பெடலை யாரு மிதிக்கிறது? உங்க அக்கா வந்து மிதிப்பாங்களா?"

"எங்க அக்காவை இழுக்காதே."

"நான் எதுக்கு இழுக்கிறேன்? அவங்களை இழுக்க கிரேன் வேணும். நகருங்க, துடைக்கிறேன்."

வீட்டு முன்கட்டில் அமைந்த அந்தப் பட்டறையில் இருந்தது ஒரே ஒரு பிரஸ். அதில் வேலை பார்த்தது கணவனும் மனைவியும். எவர்சில்வர் தகட்டை அழுத்தித் தொட்டி செய்வது தொழில் என்பதால் தெருவில் அவரைத் தொட்டிக்காரர் என்றார்கள். அவளைத் தொட்டிக்காரம்மா என்றார்கள். சண்டைச் சத்தம் கேட்டால் பட்டறை திறந்திருக்கிறது என்று அர்த்தம், கேட்காவிட்டால் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்து, "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று விசாரித்துவிட்டுப் போவார்கள்.

வேலை இப்படி நடக்கும். அவர் தகட்டின் அடியிலும் மேலுமாக ஒரு குவளை எண்ணெயைத் தாராளமாகப் பூசி, டை என்கிற குழிவான அச்சின் மேல் வைப்பார். டை கீறிவிடும் என்று அவருக்குப் பயம். அவள் இடுப்பில் செருகியிருக்கும் துணியை உருவுவாள். அது அவருடைய பழைய பனியன். தகட்டின் மேல்பக்கம், நடுவில் தேங்கிய எண்ணெயை அழுந்தத் துடைத்தெடுப்பாள். மேலிருந்து அழுத்தும் பஞ்ச் இறங்கும்போது முகத்தில் தெறிக்கிறதே என்று அவளுக்கு எரிச்சல். பிறகு பெடலை மிதிப்பாள். பஞ்ச் இறங்கும், தகடு குழியும், தொட்டி ஒன்று பளபளவென்று வெளியே வரும்.

தகடு குழியும்போது அதன் ஓரம் வழுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். நடுப்பகுதி பஞ்ச்சைப் பற்றிக்கொண்டு நகராமல் நிற்க வேண்டும். ஓரத்துக்கு எண்ணெய் வேண்டும், நடுவுக்கு வேண்டாம். இரண்டு பக்கமும் வழுக்கினால் அடிமூலை கிழியும். எண்ணெயில் மிதந்தால் ஓரம் சுருங்கும். இதெல்லாம் அந்த இருவருக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது பயம், அவளுக்குத் தெரிந்தது எரிச்சல். இந்த இரண்டும் சேர்ந்து கிழிசலோ சுருக்கமோ இல்லாத தொட்டிகளை வருஷக்கணக்காகச் செய்துகொண்டிருந்தன.

அன்றைக்கும் அப்படி ஒரு தொட்டி வெளியே வந்தபோது, வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். தோள்பையும் அளவுகோலுமாக ஒரு ஒல்லி மனிதர்.

"யாருங்க?"

"உராய்வு ஆணையம். ஆய்வாளர்."

"அப்படி ஒண்ணு இருக்கா?" என்றாள் தொட்டிக்காரம்மா.

"நாங்க இருக்கிறதே தெரியாம நாங்க வேலை செய்யறோம். உங்க மேல ஒரு புகார் வந்திருக்கு."

"என்னன்னு?"

"கிழியலைன்னு."

கணவர் குவளையைக் கீழே வைத்தார். "புரியலைங்களே."

"எல்லாப் பட்டறைக்காரங்களும் எத்தனை தகடு கிழிஞ்சுதுன்னு மாசாமாசம் ஆணையத்துக்குச் சொல்றாங்க. உங்க பட்டறையில மட்டும் ஒண்ணுமே கிழியலைன்னு வருது."

"கிழியலைங்க."

"அதான் புகார்."

"கிழியாதது ஒரு குத்தமா?" என்றாள் அவள்.

"குத்தம்னு யாரும்மா சொன்னாங்க? விளக்கம் இல்லாதது. கிழிஞ்சா காரணம் சொல்ல எங்ககிட்ட வழி இருக்கு. கிழியாததுக்கு வழி இல்லை. நீங்க வேலையைச் செய்யுங்க, நான் பார்க்கிறேன்."

அவர் ஊற்றினார். ஆய்வாளர் குனிந்து அளந்தார். "ஒரு குவளை," என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அவள் துடைத்தாள். ஆய்வாளர் அந்த நேரம் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவ துடைக்கிறாளே, அதையும் கணக்குல வச்சுக்கங்க," என்றார் கணவர்.

"துடைக்கிறது வீட்டு வேலை. அது ஆணையத்தோட வரம்புல வராது."

தொட்டி வந்தது. ஆய்வாளர் அதைத் தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், உள்ளே எட்டிப் பார்த்துத் தன் முகத்தைக் கண்டு திருப்தி அடைந்தார். பிறகு பையிலிருந்து நூலும் அரக்கும் எடுத்துப் பிரஸ்ஸுக்குச் சீல் வைத்தார்.

"ஐயோ, என்ன பண்றீங்க? புது ஆஸ்பத்திரிக்குத் தொட்டி போயிட்டிருக்குங்க! பிரசவ வார்டுக்கு. பிறந்த பிள்ளைங்களைக் குளிப்பாட்டுற தொட்டி!"

"முன்னெச்சரிக்கைதான். பயப்படாதீங்க."

"எப்போ திறப்பீங்க?"

"ஏன் கிழியலைன்னு தெரிஞ்சதும்."

சீல் வைத்த பிரஸ்ஸைச் சுற்றி அவள் நடந்தாள். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. அடுப்பைத் துடைத்தாள், ஜன்னல் கம்பியைத் துடைத்தாள், துடைத்த கம்பியையே மறுபடி துடைத்தாள். போகிற போக்கில், உட்கார்ந்திருந்த கணவரின் வழுக்கையையும் ஓர் இழுப்பு இழுத்தாள்.

"ஏய், நான் தகடு இல்லைடி."

"தகடா இருந்தாலாவது பிரயோஜனப்படும். ஆஸ்பத்திரியில இருந்து மறுபடியும் போன். வார்டு திறக்கப் போறாங்களாம், பாதித் தொட்டிதான் வந்திருக்குன்னு அந்த நர்ஸம்மா கத்துறாங்க. மீதிப் பிள்ளைங்களை எதுல குளிப்பாட்டுவாங்க, உங்க குவளையிலயா?"

"ஆணையத்துக்குப் போய்க் கேப்போம்."

"போவோம் போவோம்னு உட்கார்ந்த இடத்துல இருந்தே போயிட்டிருக்கீங்க. எழுந்திருங்க."

ஆணையத்தின் வாசல் கதவைத் தள்ளியதும் அது வாலை மிதித்த பூனைபோல அலறியது. இருவரும் திடுக்கிட்டு நின்றார்கள். பக்கத்தில் ஸ்டூலில் இருந்த காவலாளி காதில் பஞ்சு வைத்திருந்தார்.

"இதுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடக்கூடாதா?" என்றாள் அவள், பஞ்சையும் தாண்டிக் கேட்கும்படி.

"விடலாம்மா. யாரு விடுறதுங்கிறதுதான் கேள்வி. கிறீச்சுன்னு கத்தினா அது உலர் பிரிவு. எண்ணெய் விட்டா ஈரப் பிரிவு. விடுற அந்த நிமிஷத்துல கதவு யாருக்கும் சொந்தமில்லாமப் போயிடும். சொந்தமில்லாத கதவைத் திருடிட்டுப் போயிட்டா?"

உள்ளே ஒரே அறைதான். தரையில் நடுவாக ஒரு மஞ்சள் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் உலர் அதிகாரி. உதடு வெடித்து, விரலெல்லாம் சுண்ணாம்புப் பொடி. அந்தப் பக்கம் ஈர அதிகாரி; தலை முதல் மேசை வரை மினுமினுப்பு. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்பதற்காகவே சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள்.

"தகட்டுல எண்ணெய் உண்டா?" என்றார் உலர் அதிகாரி.

"உண்டுங்க."

"அப்போ அந்தப் பக்கம் போங்க." சுமை இறங்கிய மகிழ்ச்சி அவர் முகத்தில் தெரிந்தது.

கோட்டைத் தாண்டினார்கள். "ஆனா மேல்பக்கம் நான் துடைச்சிடுவேன்," என்றாள் அவள்.

ஈர அதிகாரியின் பேனா நின்றது. "துடைச்சா அது உலர். அந்தப் பக்கம் போங்க."

"அடியில எண்ணெய் இருக்குமேங்க," என்றார் கணவர்.

"அப்போ ஈரம். இங்கேயே நில்லுங்க."

"மேல இருக்காதே."

"அப்போ உலர்."

தொட்டிக்காரம்மா கோட்டின் மேலேயே நின்றுகொண்டாள். "ஒரு தகட்டுக்கு ரெண்டு பக்கம் இருக்கும்கிறது உங்க ரெண்டு பேருக்கும் தெரியாதா?"

அதிகாரிகள் முதல் முறையாகத் திரும்பி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் தாழ்ந்த குரலில் பேசினார்கள். பிறகு உலர் அதிகாரி சொன்னார்: "தகட்டோட கனத்துல மேல்பாதி என்னுது. கீழ்ப்பாதி அவருது. படுக்க வச்சு ரெண்டாப் பிளந்து கொண்டாங்க."

"பிளக்கிறதா? அதுவே தாள் கனம்தாங்க இருக்கு!"

"அது உங்க தொழில் சம்பந்தப்பட்டது. நாங்க தலையிட மாட்டோம்."

"பிளக்க முடியாது," என்றாள் அவள். "வேற வழி சொல்லுங்க."

ஈர அதிகாரி யோசித்தார். "துடைக்கலைன்னு வச்சுக்குவோமே."

"ஆனா நான் துடைச்சேனே."

"துடைச்சீங்க, யாரு இல்லைங்கிறா? துடைக்கலைன்னு வச்சுக்கிட்டா எல்லாருக்கும் சுலபம். ஒரு குவளை எண்ணெய். அவ்வளவுதான் ரகசியம்."

அந்த வாரமே ஆணையம் உத்தரவு போட்டது. நாடெங்கும் தகடு அழுத்துகிற எல்லாரும் தகட்டுக்கு ஒரு குவளை எண்ணெய் ஊற்ற வேண்டும். குவளையையும் ஆணையமே வழங்கும். தொட்டிக்காரர் பிரஸ்ஸின் சீலைப் பற்றி மட்டும் உத்தரவில் ஒன்றும் இல்லை, அது அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு தெருவில் வெடிச்சத்தம் கேட்க ஆரம்பித்தது. இந்தப் பட்டறையில் டமார், அந்தப் பட்டறையில் டமார். ஒரு மத்தியானம் அடுத்த தெரு பக்கெட்காரர், அடி கிழிந்த பக்கெட் ஒன்றை மாலைபோலக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. என்னத்தை மறைச்சீங்க?"

"நான் ஒண்ணும் மறைக்கலைப்பா."

"அக்கா, நீங்களாவது சொல்லுங்க."

"நான் துடைப்பேன். அதைத்தான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்."

"போங்கக்கா! துடைக்கிறது எல்லா வீட்லயும்தான் துடைக்கிறாங்க. நான் தொழில் ரகசியத்தைக் கேக்குறேன்."

"அதுதாண்டா ரகசியம்னு நான் எப்ப சொன்னேன்? கேட்டே, சொன்னேன். உடம்பெல்லாம் எண்ணெய் தடவிக்கிட்டுப் புரண்டாலும் உனக்கு ஒட்டுறதுதான் ஒட்டும்."

இப்படி ஆளாளுக்குக் கிழிந்ததைத் தூக்கிக்கொண்டு போய் ஆணையத்தின் அலறும் கதவை இடைவிடாமல் திறந்ததால், ஆணையருக்குத் தலைவலி வந்தது. நேரடிச் செயல்விளக்கம் நடக்கும் என்று அறிவித்தார். தொட்டிக்காரர் பட்டறையிலேயே, எல்லார் முன்னிலையிலும்.

நாற்காலிகள் வந்தன. பட்டறைக்கு வெள்ளையடித்தார்கள். பிரஸ்ஸின் சீலைத் தற்காலிகமாகப் பிரித்து, பிரித்ததற்கு ஓர் அடையாளமாக அதன் மேலேயே இன்னொரு சீல் வைத்தார்கள். தரையில் ஒரு சதுரம் வரைந்து, "பெடல் மிதிப்பவர் இதற்குள் நிற்கவும், கைகளைக் கட்டிக்கொள்ளவும்," என்றார் ஆய்வாளர்.

"வந்தவங்க முன்னாடி வாயைத் திறந்துடாதே," என்று கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"நீங்க மானத்தை வாங்காம இருந்தா நான் ஏன் திறக்கிறேன்?"

ஆணையர் எழுந்தார். கனத்த உடம்பு, வழுவழு குரல்.

"அன்பார்ந்தவர்களே! உராய்வு என்பது ஒரு பொருள் இன்னொரு பொருளுக்குக் காட்டும் எதிர்ப்பு. எதிர்ப்பை இந்த ஆணையம் எந்த வடிவத்திலும் ஏற்பதில்லை. நான் பொறுப்பேற்ற நாள் முதல் என் அறையில் ஒருவர்கூட என்னை மறுத்துப் பேசியதில்லை. அதுவே எங்கள் ஆய்வின் முதல் வெற்றி. சிலர் கேட்கிறார்கள், ஆணையத்தில் பிரஸ் இருக்கிறதா என்று. இல்லை. பெருமையோடு சொல்கிறேன், இல்லை! இன்றுவரை நாங்கள் ஒரு தகட்டைக்கூட அழுத்தியதில்லை. அழுத்தியிருந்தால் அந்தத் தகட்டின் பக்கம் சாய்ந்திருப்போம். நாங்கள் நடுநிலையாளர்கள். இரும்பைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதால்தான் இரும்பு எங்களை நம்புகிறது."

அதிகாரிகள் கைதட்டினார்கள். உலர் அதிகாரியின் கையிலிருந்து பொடி பறந்தது.

கணவர் ஒரு குவளை ஊற்றினார். அவள் கை கட்டிக்கொண்டு நின்றாள். பெடலை மிதித்தாள். டமார். அடிமூலை வாய்பிளந்தது.

"எண்ணெய் குறைவு," என்றார் ஆணையர். "இரண்டு குவளை."

இரண்டு குவளையில் அடியும் கிழிந்தது, ஓரமும் சுருங்கியது.

"முன்னேற்றம்," என்றார் ஆணையர். "சுருக்கம் என்று சொல்லாதீர்கள். அதை இனி ஒழுங்கான மடிப்பு என்று அழைப்போம். இன்னும் ஊற்றுங்கள்."

இந்த முறை கணவர் ஊற்றியதில் எண்ணெய் தகட்டைத் தாண்டி, டையைத் தாண்டி, சதுரத்துக்குள் நின்றவளின் செருப்புக்குள் புகுந்தது. அவள் பார்த்தாள். பல்லைக் கடித்தாள். ஆஸ்பத்திரி வாங்கிக் கொடுத்த தகடுகள் ஒவ்வொன்றாகக் குப்பைக்குப் போவதைப் பார்த்தாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. கட்டிய கை பிரிந்தது.

"கடல் மாதிரி ஊத்தியிருக்கீங்களே, கண்ணு தெரியலையா?"

"உங்க அப்பன் வீட்டு எண்ணெயா?" என்றார் கணவர். ஆணையரை மறந்துவிட்டார்.

"எங்க அப்பன் வீட்டுல எண்ணெய் இருந்திருந்தா உங்களுக்கு ஏன் கழுத்தை நீட்டுறேன்? நகருங்க!" இடுப்பிலிருந்து பனியனை உருவி, ஒரே வழிப்பில் நடுவைத் துடைத்து, ஓரத்தில் வழிந்ததையும் இழுத்து எறிந்து, ஓங்கிப் பெடலை மிதித்தாள். எறிந்த எண்ணெயில் பாதி ஆணையரின் முகத்தில் விழுந்தது.

தொட்டி வந்தது. கண்ணாடிபோல.

எண்ணெய் வழிய ஆணையர் கையை உயர்த்தினார். "அசையாதீர்கள்! என்ன மாறியது?"

"துணி," என்றார் உலர் அதிகாரி. "அது என் பிரிவு."

"பேச்சு," என்றார் ஈர அதிகாரி. "வாயில் எச்சில் இருக்கிறது. எச்சில் ஈரம்."

"ஐயா, ஒண்ணும் மாறலை," என்றாள் அவள். "நான் துடைச்சேன். தினமும் பண்றதுதான்."

"அம்மா, துடைத்தது உங்கள் கை. கை ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கும். கைக்குத் தரம் வகுக்க முடியாது. பனியனுக்கு வகுக்கலாம். பேச்சுக்கும் வகுக்கலாம். வகுக்க முடியாதது காரணமாக இருக்க முடியாது." ஆணையர் கையை நீட்டினார். "பனியனைக் கொடுங்கள்."

பனியன் போயிற்று. ஆணையத்தின் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அதை விரித்து வைத்து, கீழே மூலத் துணி என்று எழுதினார்கள். அவள் போய்ப் பார்த்தாள்.

"அதைத் துவைக்கணுங்க. நாறிப் போயிடும்."

"துவைத்தால் தரம் மாறிவிடும்," என்றார் உலர் அதிகாரி. "நாற்றமும் தரத்தில் சேர்த்தி."

"அக்குள்ல கிழிஞ்சு வேற இருக்கு. ஊரே பார்க்குது. எனக்கு மானம் போகுது."

"கிழிசலுக்கு விளக்கம் இருக்கிறது அம்மா. கவலைப்படாதீர்கள்."

மூலத் துணி ஒன்றுதான் இருந்ததால் துடைப்பது மறுபடியும் விதியிலிருந்து விடுபட்டது. மிஞ்சியது பேச்சு. அதை ஆணையம் அட்டையில் அச்சடித்தது. இடப்பக்கம் நிற்பவர் "கடல் மாதிரி ஊத்தியிருக்கீங்களே, கண்ணு தெரியலையா?" என்று சொல்ல வேண்டும். வலப்பக்கம் நிற்பவர் "உங்க அப்பன் வீட்டு எண்ணெயா?" என்று கேட்க வேண்டும். இடப்பக்கம் மறுமொழி சொன்னதும் அழுத்தலாம். குரல் உயரவும் கூடாது, தாழவும் கூடாது.

பக்கெட்காரர் வந்தார். இந்த முறை கழுத்தில் பக்கெட் இல்லை, முகத்தில் தாடி.

"அக்கா, என் பட்டறையில கூட நிக்கிறது என் மச்சான். விதின்னு சொன்னாங்களேன்னு அவனைப் பார்த்து 'உங்க அப்பன் வீட்டு எண்ணெயா'ன்னு கேட்டேன். அவன் அவங்க அக்காவைக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போயிட்டான்."

"உன் பொண்டாட்டியையா?"

"ஆமாக்கா. இப்ப ஆணையத்துல இருந்து ஒரு எதிராளியை அனுப்பியிருக்காங்க. நல்ல மனுஷன். நான் என்ன சொன்னாலும் 'வாஸ்தவம்தான்'ங்கிறாரு. பக்கெட் கிழிஞ்சுக்கிட்டே இருக்கு."

சண்டையை ஊருக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. ஆணையர் தொட்டிக்காரரைக் கூப்பிட்டனுப்பினார்.

"நீங்களே தலைமைப் பயிற்றுநர். பயிற்றுநரின் பட்டறை மாதிரிப் பட்டறை ஆகிவிடும். அதற்குச் சீல் இருக்க முடியாது."

"சீலை எடுத்துடுவாங்களாம்," என்று அவர் வீட்டுக்கு வந்து சொன்னார். "கொஞ்ச நாள் போய்ச் சொல்லிக்கொடுத்துட்டு வந்துடுறேன். ஆஸ்பத்திரிக்காரங்களுக்கும் பதில் சொல்லணுமே."

"போயிட்டு வாங்க. ஆனா அங்க போய் விளக்கெண்ணெய் மாதிரி முழிக்காதீங்க."

"முழிக்க மாட்டேன்டி."

அவர் அவளை டி போட்டுப் பேசியதில் அதுதான் கடைசி.

கழுத்தில் அட்டை தொங்க, தினமும் காலையில் போனார். கூடத்தில் வரிசையாக நின்ற பட்டறைக்காரர்களுக்கு முன்னால், கண்ணாடிப் பெட்டிக்குள் தன் பனியன் பார்த்துக்கொண்டிருக்க, "உங்க அப்பன் வீட்டு எண்ணெயா," என்று சொல்லிக்கொடுத்தார். எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள். ஆரம்பத்தில் அவருக்குக் குரல் ஏறிற்று. ஈர அதிகாரி பக்கத்தில் நின்று, "சூடு வேண்டாம், சூடு வேண்டாம்," என்று கையால் அமர்த்தினார். போகப் போக சூடு போய்விட்டது. பிறகு கேள்விக்குறியும் போய்விட்டது.

வீட்டில் அவள் குழம்பில் உப்புப் போடாமல் வைத்துப் பார்த்தாள்.

"எப்படி இருக்கு?"

"நன்றாக இருக்கிறது."

"உப்பே போடலை."

"அப்படியா. பரவாயில்லை."

அவள் தட்டைப் பிடுங்கி நகர்த்தினாள். அவர் அடுத்த வாய்க்குக் கையை நீட்டி, தட்டு இருந்த இடத்தில் தரையைத் தொட்டு, மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டார்.

"உங்க அக்கா வந்திருந்தாங்க," என்றாள். "வாயிலேயே ரெண்டு போட்டு அனுப்பிட்டேன்."

"அவங்க வர்றதும் சரி, நீ அனுப்புறதும் சரி."

அவள் எழுந்து போய்ச் சுவரைத் துடைத்தாள். சுண்ணாம்பு கையோடு வந்தது.

சீல் எடுக்கும் நாள் ஒருவழியாக வந்தது. அதே ஆய்வாளர், அதே தோள்பை. ஆஸ்பத்திரியில் வார்டு திறந்தாகிவிட்டது; தொட்டி போதாமல் பிள்ளைகளைக் கை மாற்றிக் கை மாற்றிக் குளிப்பாட்டுகிறோம் என்று நர்ஸம்மா போனில் அழாத குறையாகச் சொல்லியிருந்தாள். மிச்சமிருந்த தகடுகள் சுவரோரம் சாய்ந்து நின்றன. அவ்வளவுதான் இருந்தது, கிழிந்தால் வேறு இல்லை.

ஆய்வாளர் சீலை வெட்டினார். பையிலிருந்து ஒரு பளபளத் துணியை எடுத்து அவளிடம் கொடுத்தார். "அங்கீகரிக்கப்பட்ட துணி. மூலத் துணியைப் பார்த்து நெய்தது. அக்குள் கிழிசல் உட்பட."

"அதுதான் துடைக்கிறது விதியில இல்லையே?"

"இல்லை. இது இடுப்பில செருகிக்க. தோற்றத்துக்கு."

கணவர் ஆணையக் குவளையால் ஒரு குவளை ஊற்றினார். ஒரு சொட்டு கூடுதலும் இல்லை, ஒரு சொட்டு குறைவும் இல்லை. அவள் அட்டையில் இருந்ததைச் சொன்னாள். அவர் அட்டையில் இருந்ததைச் சொன்னார். அவள் மறுமொழியும் சொல்லிவிட்டு, விதியை மீறி அந்தப் பளபளத் துணியால் நடுவைத் துடைத்தாள். துணி எண்ணெயைக் குடிக்கவில்லை. இங்கே இருந்ததை அங்கே தள்ளிவிட்டு அப்படியே இருந்தது. மிதித்தாள். டமார்.

"சொன்ன தொனி சரியில்லை," என்றார் ஆய்வாளர். "அடுத்தது."

அடுத்ததும் டமார். அதற்கடுத்ததும். சுவரோரம் ஒரே ஒரு தகடு நின்றது.

"நல்லாத்தான் போயிட்டிருக்கு," என்றார் ஆய்வாளர். "கிழிய ஆரம்பிச்சிடுச்சு இல்லையா? இனிமே உங்க பட்டறை மேல புகாரே வராது." பையை மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

பட்டறையில் எண்ணெய் சொட்டுகிற சத்தம் மட்டும் இருந்தது. கணவர் கடைசித் தகட்டை எடுத்து வைத்தார். ஒரு குவளை எடுத்து, விளிம்பைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துச் சரிபார்த்து, ஊற்றினார்.

அவள் பளபளத் துணியை மூலையில் எறிந்தாள். அடுப்படிக்கு ஓடி ஒரு கந்தலை எடுத்துக்கொண்டு வந்தாள். தகட்டை நெருங்கியபோது அவர் கை குறுக்கே வந்தது. பிடித்துத் தள்ளவில்லை; சும்மா வந்து நின்றது, கதவு மாதிரி.

"அங்கீகாரம் இல்லாத துணி," என்றார் மெதுவாக.

"அந்தாளு போயிட்டாருங்க. இங்க நீங்களும் நானும்தான்."

"தெரியும்."

"பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்கு. இது கிழிஞ்சா வேற தகடு இல்லை."

"தெரியும். முறைன்னு ஒண்ணு இருக்கு இல்லையா."

"முறையாவது மண்ணாவது! கூறுகெட்ட மனுஷா, கையை எடுங்க. ஊத்துறதையும் ஊத்திட்டு குறுக்க நிக்கிறீங்களே, நல்லா இருக்கா இது? உங்க அக்காவைச் சொன்னேன், சும்மா இருந்தீங்க. சோத்துல கல்லைப் போட்டாலும் சும்மா இருப்பீங்க போல. என்னதான் ஆச்சு உங்களுக்கு?"

அவர் கழுத்தில் தொங்கிய அட்டையைக் கையில் எடுத்தார். அவள் சொன்னதற்கு மறுமொழி இருக்கிறதா என்று மேலிருந்து கீழே பார்த்தார். திருப்பினார். பின்பக்கம் வெறும் வெள்ளை. எண்ணெய் தகட்டின் நடுவில் தேங்கி, இருவர் முகத்தையும் காட்டிக்கொண்டு நின்றது.

அவள் காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டு, அவருக்கு நேர் எதிரே வந்து நின்றாள்.

"அட்டையில பார்க்காதீங்க, அதுல இருக்காது. எங்க அப்பனைப் பத்தி நீங்களா ஒரு வார்த்தை சொல்லுங்க, பார்ப்போம்."